63 வயது அம்மாவை மானசரோவருக்கு அழைத்துப்போகலாமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 63 வயது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணை மூடுவதற்குள் திபெத்தில் இருக்கும் மானசரோவர் ஏரியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். காட்மாண்டு வழியாகப் பத்து நாள் பயணம் ஒன்றை விசாரித்திருக்கிறார்கள். பெரும்பகுதி விமானம், ஹெலிகாப்டர், பஸ். நடையே கிடையாது, கற்பூரத்தை முகர்ந்துகொண்டால் மூச்சுத் தொந்தரவும் வராது என்று சொன்னார்களாம். போகலாமா, கூடாதா என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அம்மாவின் சுகரும் பிரஷரும் அந்த உயரத்தைத் தாங்குமா என்பது ஒன்று. 63 வருஷம் கடற்கரையில் வாழ்ந்த உடம்பை மூன்று நாளில் 15,000 அடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்பது இன்னொன்று. நீங்கள் கவலைப்படுவது முதலாவதற்கு. நான் அதிகம் பயப்படுவது இரண்டாவதற்கு.

நான் தண்டையார்பேட்டையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். அதற்கு முன் ராணுவ மருத்துவப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன்; அதில் இரண்டு ஆண்டு லடாக்கில். பிறகு சென்னையிலிருந்து கிளம்பிய யாத்திரைக் குழுக்களோடு இரண்டு முறை மருத்துவராகக் கயிலாயம் போய் வந்திருக்கிறேன். இதய நிபுணர் அல்ல. உங்கள் அம்மாவைப் பரிசோதித்ததும் இல்லை. அதனால் கீழே மருந்துகளைப் பற்றிச் சொல்வதை அம்மாவின் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். மலையைப் பற்றிச் சொல்வதை மட்டும் அப்படியே நம்பலாம்.

ராணுவத்திலிருந்தே தொடங்குகிறேன். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள், தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கள். அவர்களையே நேராக மேலே அனுப்ப மாட்டார்கள். 9,000 அடியிலிருந்து 12,000 அடிக்குள் ஆறு நாள். 15,000 அடி வரை இன்னும் நாலு நாள். அதற்கு மேலே போனால் மறுபடி நாலு நாள். ஆக மொத்தம் 14 நாள். முதல் கட்டத்தில் முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடை. எத்தனையோ இளைஞர்களை இழந்த பிறகு வந்த விதி இது. இப்போது உங்கள் பயணத் திட்டத்தைப் பாருங்கள். நேபாளத்தில் இருக்கும் நேபாள்கஞ்ச் ஏறக்குறைய 150 மீட்டர் உயரம், நம் ஊர் மாதிரி சமவெளிதான். அங்கே காலையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிமிகோட், 2,900 மீட்டர். அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா, 3,600 மீட்டருக்கு மேல். எல்லையைத் தாண்டினால் திபெத்தின் புராங், ஏறக்குறைய 3,900. அடுத்து ஏரி, 4,590 மீட்டர். அடிக் கணக்கில் 15,000. இருபது வயது சிப்பாய்க்குப் பத்து நாள் கொடுத்து ஏற்றுகிற உயரத்துக்கு 63 வயது அம்மாவை மூன்று நாளில் ஏற்றுகிறார்கள்.

அந்த உயரத்தில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். மானசரோவர் கரையில் அது சென்னையில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. கயிலையைச் சுற்றி நடக்கும் பரிக்கிரமாவின் உச்சியான டோல்மா கணவாயில், 5,630 மீட்டரில், பாதி. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் வரும் ஆக்சிஜன் அதே அளவுக்குக் குறையும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவியில் இங்கே 97, 98 காட்டுகிற ஒருவருக்கு அங்கே, நன்றாக இருக்கும்போதே, 80-களில் காட்டும். உடம்பு முதலில் வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கும். அப்படி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். அதைச் சிறுநீரகம் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த நாள்களை உடம்புக்குக் கொடுப்பதைத்தான் உயரத்துக்குப் பழகுவது என்கிறோம். பணம் கொடுத்து ஹெலிகாப்டர் வாங்கலாம், இந்த நாள்களை வாங்க முடியாது.

அதனால்தான் ‘நடையே இல்லை’ என்பது எனக்கு ஆறுதலான செய்தியாகப் படவில்லை. லிபுலேக் கணவாய் வழியாக ஒரு காலத்தில் நாள்கணக்கில் நடந்து போனார்களே, அந்த நடை கால்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் உடம்பு தானாகப் பழகிக்கொள்ள அந்த நடையே நேரம் கொடுத்தது. நடையைக் குறைத்தபோது அந்த நேரமும் சேர்ந்து போய்விட்டது. மலைநோய் களைப்பால் வருவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேலே போனவருக்கும் வரும். முதலில் தலைவலி. அப்புறம் குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைசுற்றல், தூக்கமின்மை. பெரும்பாலும் மேலே போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கும். இது மட்டும் என்றால், அங்கேயே தங்கி ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகாமலே மேலும் மேலே ஏறினால் மூளையில் நீர் கோக்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். இரண்டும் உயிரைப் பறிப்பவை.

யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைச் சென்னையில் செய்யும் எந்தப் பரிசோதனையும் முன்கூட்டிச் சொல்லாது. டிரெட்மில் டெஸ்ட் இதயத்தைப் பற்றிச் சொல்லும், உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. முன்பு அதே மாதிரி உயரத்தில் தங்கியபோது எப்படி இருந்தது என்பதுதான் ஓரளவு நம்பத்தக்க அடையாளம். ‘ஊட்டிக்குப் போய் வந்தார், ஒன்றும் ஆகவில்லை’ என்பது கணக்கில் வராது. ஊட்டி 2,240 மீட்டர்தான். தென்கயிலாயம் என்று நாம் சொல்லும் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவர்கள் அதே நம்பிக்கையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். அது முழங்காலுக்கும் மன உறுதிக்கும் நல்ல சாட்சி. ஆனால் அந்த மலை 2,000 மீட்டரைக்கூடத் தொடாது. லே நகரத்தில் என்னிடம் நுரையீரல் நீரோடு வந்தவர்களில் ஒருவர் 24 வயதுக் கால்பந்தாட்டக்காரர். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே ஓடப் போனவர். வயதானவர்களுக்குத்தான் மலைநோய் வரும் என்பது தவறு. வந்தால் தாங்கும் சக்தி வயதானவர்களுக்குக் குறைவு என்பது சரி.

கற்பூரத்துக்கு வருகிறேன். முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சி தெரியும். ஆக்சிஜன் ஒரு துளிகூட அதிகமாகாது. பூஜைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், மருந்தாக எண்ணாதீர்கள். கையில் பிடித்து அழுத்தும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். குழுவுக்கு வேண்டியது ரெகுலேட்டரும் மாஸ்க்கும் உள்ள பெரிய சிலிண்டர்கள். எத்தனை சிலிண்டர், யார் வசம் இருக்கும், அதைத் திறக்கத் தெரிந்தவர் ஏரிக்கரையில் இரவு தங்குவாரா என்று கேளுங்கள். உண்மையில் உதவும் மருந்து அசெட்டாசோலமைடு. கடையில் டயமாக்ஸ் என்று கேட்பார்கள். சிறுநீரகம் மூன்று நாளில் செய்யும் வேலையை இது விரைவுபடுத்துகிறது. வழக்கமான தடுப்பு அளவு 125 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் போகும், விரல்நுனி மரத்துப்போன மாதிரி ஊரும், சோடா குடித்தால் ருசி கெட்டுத் தெரியும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. சென்னையில் இருக்கும்போதே ஒரு வாரக் கடைசியில் இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இந்த மாத்திரை நாள்களுக்கு மாற்று அல்ல, துணை. தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை போடவே கூடாது. அங்கே தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெருமூச்சாகத் தொடர்வது இயல்பு. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோவார், அவ்வளவுதான். தூக்க மாத்திரை அந்த மூச்சை மேலும் மந்தமாக்கிவிடும்.

அம்மாவின் சுகரும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருந்தால் அவை மட்டுமே பயணத்தைத் தடுக்கும் காரணங்கள் அல்ல. ஆனால் இரண்டும் மேலே போனதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பிரஷர் முதல் சில நாள் ஏறும். அங்கே மாத்திரையை யார் கூட்டுவது, எந்த எண்ணைத் தாண்டினால் கூட்டுவது என்பதை டாக்டரிடம் இங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டயமாக்ஸோடு சேரும்போது பொட்டாசியம் குறையலாம், அதையும் கேளுங்கள். சுகரில் பெரிய தொல்லை, அங்கே பசி எடுக்காது என்பது. சாப்பாடு பாதியாகக் குறையும், மாத்திரை மட்டும் வழக்கம்போலப் போகும். கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சுகர் திடீரென்று இறங்குவது இப்படித்தான். அதன் தடுமாற்றமும் மலைநோயின் தடுமாற்றமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை என்றால், சாப்பாடும் தண்ணீரும் குறையும் இடத்தில் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. அந்த நாள்களுக்கு நிறுத்தி வைக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள். சுகர் பார்க்கும் கருவி கடும் குளிரில் தவறான எண் காட்டும். அதைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் இருந்தால் அதுவும் அப்படியே, உறைந்துபோன இன்சுலினை மறுபடி பயன்படுத்தக்கூடாது. இன்னொன்று: நம் பக்கத்துப் பெண்களில் ஹீமோகுளோபின் 9 என்று வைத்துக்கொண்டே வீட்டு வேலையெல்லாம் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். இங்கே தெரியாது, அங்கே உடனே தெரிந்துவிடும். மூன்று மாதம் முன்னாலேயே பார்த்துச் சரிசெய்ய முடிகிற விஷயம் அது.

இனி, நான் மறக்க முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் முறை நாங்கள் போனது கெருங் வழி. கெருங் திபெத்தின் எல்லை ஊர், 2,800 மீட்டர். அடுத்த தங்கல் சாகா, 4,500. ஒரே பகலில் அவ்வளவு ஏற்றம். எங்கள் குழுவில் நம் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தார். இரவு எட்டு மணிக்கு எல்லோரையும் வரிசையாகக் கேட்டபோது ‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு அறையில் கூட இருந்த பெண் ஓடி வந்து எழுப்பினார். நான் போனபோது அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து இடது காலில் வலது செருப்பை மாட்ட முயன்றுகொண்டிருந்தார். முடியவில்லை, ஏன் முடியவில்லை என்றும் தெரியவில்லை. எழுந்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். இரண்டடி வைத்ததும் சாய்ந்துவிட்டார். மூளையில் நீர் கோக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, வண்டியில் ஏற்றினோம். மதியத்துக்குள் கெருங்கில் இருந்தார்; அடுத்த நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிழைத்துக்கொண்டார். ஏரியைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: முந்தின நாள் மதியத்திலிருந்தே மண்டையைப் பிளக்கும் தலைவலி, இரண்டு முறை வாந்தி. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று மறைத்திருக்கிறார். மதியமே சொல்லியிருந்தால் சாகாவில் இரண்டு நாள் நிறுத்திவைத்துப் பெரும்பாலும் ஏரிக்கே கூட்டிப்போயிருக்கலாம்.

இதைத்தான் உங்களிடம் வற்புறுத்துகிறேன். வாழ்நாள் ஆசையோடு வரும் பக்தர்கள் மறைப்பார்கள். உங்கள் அம்மாவும் மறைப்பார். கிளம்புவதற்கு முன்னாலேயே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்: தலைவலி என்று சொன்னால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஒரு நாள் கூடத் தங்குவோம், நானும் கூடவே தங்குகிறேன் என்று வாக்குக் கொடுங்கள். அப்புறம் தினமும் காலையும் மாலையும் நீங்களே பார்க்க வேண்டும். சாப்பிட்டாரா, வாந்தியா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் இருக்கிறதா, கோடு போட்டதுபோல் பத்தடி நடக்கிறாரா. விரல் கருவியின் எண்ணைவிட இவை முக்கியம். ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது. அதற்கு மருந்து இறங்குவது ஒன்றுதான். ஊசியும் ஆக்சிஜனும் இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான்.

இறங்குவதுதான் திபெத்தில் கஷ்டம். நம் மலைகளில் ஒரு மணி நேரம் கீழே வந்தால் உயரம் பாதியாகிவிடும். அங்கே நிலமே பீடபூமி. நாங்கள் சாகாவிலிருந்து கெருங்குக்கு இறங்க, முதலில் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கணவாயை ஏறித் தாண்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் நீளமானது. சிமிகோட் வழியில் அந்தக் கணவாய் இல்லை. புராங் ஏரியைவிட 700 மீட்டர் கீழே இருக்கிறது. ஆனால் இறங்கும்போது ஹில்சாவிலிருந்து சிமிகோட்டுக்கு ஹெலிகாப்டர்தான், ஹெலிகாப்டருக்கு மேகம் விலக வேண்டும். 2018 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் மழையால் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் கெருங் பக்கத்து எல்லைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பருவமழைக்கு முன்னால், மே கடைசி அல்லது ஜூன் முதல் பாதியில் போவது நல்லது என்பதற்கு இவையே போதும்.

இரண்டு வழிகளில் உங்கள் அம்மாவுக்கு நான் தேர்ந்தெடுப்பது சிமிகோட் வழி, ஆனால் இப்போது சொல்லியிருக்கும் நாள்களில் அல்ல. சிமிகோட்டில் இரண்டு இரவு, புராங்கில் மூன்று இரவு, அதன் பிறகு ஏரி. பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு என்பது. நான் சொன்னதுகூட அதற்கு முழுதும் பொருந்தாது. அதனால்தான் மாத்திரையும் வேண்டும் என்கிறேன். கூடுதல் நாளுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். செலவு செய்ய வேண்டிய இடம் அதுதான். குழுவோடு சேர்ந்து நாள் கூட்ட முடியாது என்று சொன்னால் வேறு குழுவைப் பாருங்கள். இந்திய அரசின் வெளியுறவுத் துறை நடத்தும் யாத்திரையும் இருக்கிறது. ஐந்து ஆண்டு நின்றுபோய் 2025-இல் மறுபடி தொடங்கியது, லிபுலேக், நாதுலா என்று இரண்டு வழி. 18 முதல் 70 வயது வரை விண்ணப்பிக்கலாம், குலுக்கலில் பெயர் வர வேண்டும். டெல்லியில் ஒருமுறை, மலையில் மறுபடி ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து, தேறாதவர்களை நிறுத்திவிடுவார்கள். அம்மா வருத்தப்படுவாரே என்று பார்க்காமல் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் இருப்பது பெரிய பாதுகாப்பு.

அப்புறம், அம்மா கேட்டது ஏரியை. பரிக்கிரமா வேண்டவே வேண்டாம். கயிலையைச் சுற்றும் மூன்று நாளில் டோல்மா கணவாயைத் தாண்டித்தான் ஆக வேண்டும், நடுவில் வண்டி கிடையாது. கயிலை அடிவார ஊரான டார்ச்சென் வரை வந்து, பரிக்கிரமா தொடங்கும் யமத்துவாரத்தில் நின்று, தென்முகத்தைத் தரிசித்துத் திரும்பட்டும். ஏரியிலும் முழுக்குப் போட வேண்டாம். சில ஆண்டுகளாக உள்ளே இறங்கக் கட்டுப்பாடு இருக்கிறது. அனுமதித்தாலும் பனிமலையிலிருந்து உருகி வரும் தண்ணீர் அது. பிரஷர் உள்ளவர் அதில் திடீரென்று மூழ்குவது இதயத்துக்கு அடி. சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்ளட்டும், கொஞ்சம் வெந்நீர் கலந்தால் பாவமில்லை. வெந்நீர் என்றதும் ஞாபகம் வருகிறது: அங்கே தண்ணீர் 85 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. குழுவின் சமையல்காரரிடம் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அம்மா சாப்பிட வேண்டுமே.

அந்த ஏரியைப் பார்த்தவன் என்பதால் அம்மாவின் ஆசையை நான் குறைத்து நினைக்கவில்லை. கடலைப் பார்த்தே வளர்ந்த நமக்கும் அது புதிதாக இருக்கும். சுற்றளவு ஏறக்குறைய 88 கிலோமீட்டர், தெற்கே குர்லா மாந்தாதா மலை 7,694 மீட்டர் உயரத்துக்குப் பனியாக நிற்கிறது. காலையில் ஒரு நீலம், மேகம் கடந்தால் இன்னொரு நீலம். இந்துக்களோடு பௌத்தர்களும் சமணர்களும் திபெத்தின் பழைய சமயமான ‘போன்’ சமயத்தாரும் அங்கே வந்து கும்பிடுகிறார்கள். முதல்நாள் மாலை நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஆசிரியைக்கு அது கிடைக்காமல் போனதே என்பதும் அந்த அழுகையில் இருந்தது. ஊருக்கு வந்த பிறகு அவரிடம் அப்பரைப் பற்றிப் பேசினேன். நடந்து, தவழ்ந்து, உடம்பு தேய்ந்தும் கயிலையைக் காணாமல் திரும்ப மாட்டேன் என்றவரை, அங்கேயே ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்து, அங்கே கயிலைக் காட்சியைக் கொடுத்தான் இறைவன். அந்த ஆசிரியை அதற்கடுத்த ஆடி அமாவாசைக்குத் திருவையாறு போய் வந்தார். உங்கள் அம்மாவும் வடிவுடையம்மன் கோயிலுக்குத் தினம் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பர் பாடிய தலம் அது, கதை தெரிந்திருக்கும். டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

வேண்டாம் என்று நானே சொல்லும் நிலைகளும் உண்டு. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர் அல்லது ஸ்டென்ட் வைத்தவர், இதயம் பலவீனம் என்று எக்கோவில் தெரிந்தவர், எண்ணூர், மணலி பக்கமிருந்து பழைய இழுப்போடு வருகிறார்களே அப்படி மாடி ஏறினாலே மூச்சு இரைப்பவர், இரவில் பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் உள்ளவர், சுகர் எண் மாதத்துக்கு மாதம் தாறுமாறாக இருப்பவர். அம்மா இதில் எதிலும் இல்லை என்றால், இன்றிலிருந்து மூன்று மாதம் காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கட்டும், வாரம் மூன்று நாள் மெட்ரோ ஸ்டேஷன் படியை லிஃப்ட் இல்லாமல் ஏறட்டும். அது மலைநோயைத் தடுக்காது. மூச்சுக்கும் காலுக்கும் தெம்பு கொடுக்கும். அதற்குள் நீங்கள் பயண ஏற்பாட்டாளரிடம் ஒரே ஒரு தாள் கேட்டு வாங்குங்கள்: எந்தத் தேதி இரவு எந்த ஊரில் தூக்கம், அந்த ஊர் எத்தனை மீட்டர். அதை எழுதித் தர முடியாதவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம். எழுதித் தந்தால், அந்தத் தாளையும் அம்மாவின் மருந்துச் சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முதலில் அவருடைய டாக்டரிடம் போங்கள்.